மண்வள அட்டையில் இல்லாத பதின்மூன்றாம் கணக்கு

திருமலையின் தலபுராணம், திருமால் ஒரு புற்றினுள் மறைந்து வாழ்ந்ததாகவும், பசு ஒன்று அப்புற்றின்மீது பால் சொரிந்ததாகவும் கூறும். அதன் கிழக்கே உள்ள காளஹஸ்தியின் பெயரிலோ சிலந்தி, பாம்பு, யானை ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றன, முதலிடம் சிலந்திக்கு. கறையான் எழுப்பிய வீட்டுக்கும் எட்டுக்கால் பூச்சிக்கும் இவ்வளவு பெருமை வாய்த்த வட்டாரம் வேறொன்று இருத்தல் அரிது. ஆயினும் கோயில் மதிலைக் கடந்து வயல் வரப்பில் கால் வைத்தவுடன் இவ்வுயிர்கள் அனைத்தும் ‘பூச்சி’ என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன; பூச்சி என்றதும் மருந்துக்கடைதான் நினைவுக்கு வருகிறது.

நம் வாசகர்களுள் சித்தூர், திருப்பதி வட்டாரங்களில் நிலம் உடையோர் பலர். நகரி, புத்தூர், சத்தியவேடு பக்கம் மாந்தோப்பு வாங்கிவிட்டுச் சென்னையில் வாழ்வோரும் உண்டு. பயிர்க்கடன் பெற்று மானாவாரியில் நிலக்கடலை விதைப்போரும் உண்டு. அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆவணம் மண்வள அட்டை. 2015 பிப்ரவரி 19 அன்று இராசஸ்தானத்தின் சூரத்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தின் வழி வந்தது அது. தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம். துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான். கார அமில நிலை, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன், அங்ககக் கரிமம் என 12 அளவீடுகள் அதில் உண்டு. எத்தனை மூட்டை உரம் வாங்க வேண்டும் என்று முடிவு செய்ய இது பெரிதும் உதவும். அதனைக் குறைத்துச் சொல்லுதல் நம் கருத்தன்று.

எனினும் அந்த 12 அளவீடுகளுள் ஒன்றுகூட உயிருள்ள ஒன்றை நேரில் எண்ணிக் கூறுவதில்லை. கணக்கில் இருப்பு எவ்வளவு என்பதை அட்டை சொல்லும். அக்கணக்கில் வரவு செலவு நடக்கிறதா என்பதைச் சொல்லாது. இலையும் தட்டையும் மட்கிச் சத்தாக மாறுகின்றனவா, பெய்த மழை உள்ளே இறங்குகிறதா, வேரைத் தின்னும் புழுவைத் தின்ன ஏதேனும் ஒன்று உள்ளதா என்னும் கேள்விகளுக்கு விடை மண்ணில் வாழும் முதுகெலும்பற்ற சிற்றுயிர்களிடம் இருக்கிறது. உலகின் உயிரினங்களுள் ஏறத்தாழ 59 சதவீதம் மண்ணையே இருப்பிடமாகக் கொண்டவை என்று 2023-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. இவை நிலத்தைவிட்டு எளிதில் வெளியேற இயலாதவை. உழவு, நஞ்சு, வெயில், வறட்சி எதுவாயினும் அதனை உடலில் ஏற்றே தீரவேண்டியவை. ஆகவே விளைச்சலில் தெரியும் முன்பே இவற்றின் தொகையிலும் வகையிலும் மாற்றம் தெரிந்துவிடுகிறது.

காளஹஸ்தியின் பெயர் பெற்ற நோய்

இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1975–76 பருவத்தில் அன்றைய சித்தூர் மாவட்டத்தின் காளஹஸ்திப் பகுதியில் நிலக்கடலைக்கு இனம்புரியாத கேடு ஒன்று வந்தது. வயலில் ஆங்காங்கே திட்டுத்திட்டாகச் செடிகள் குட்டையாயின. வியப்பு என்னவெனில், அச்செடிகளின் இலைகள் வழக்கத்தைவிடக் கரும்பசுமையாக இருந்தன. மேலிருந்து நோக்கியவருக்குச் செடி செழிப்பதாகவே தோன்றியிருக்கும். பிடுங்கிப் பார்த்தால் காய்க்காம்பிலும் இளங்காயின் ஓட்டிலும் பழுப்பு மஞ்சள் நிறப் புள்ளிகள். நோய் முற்றிய செடிகளில் ஓடு முழுவதுமே நிறம் மாறிக் காய் சிறுத்துக் கிடந்தது. பின்னர் நடந்த ஆராய்ச்சியில், கண்ணுக்குப் புலப்படாத ஒரு நூற்புழுவே காரணம் என்று தெரிந்தது. பயிர்நோயியல் நூல்களில் இன்றும் இதற்குக் ‘காளஹஸ்தி நோய்’ என்பதே பெயர். நோயைத் தாங்கும் ரகங்கள் பின்னர் இனங்காணப்பட்டன.

இந்நிகழ்ச்சியில் நாம் கருதத்தக்கது ஒன்று உண்டு. இலை பொய் சொன்னது. மண்ணுக்குள் இருந்த புழு மட்டுமே உண்மையை அறிந்திருந்தது. உரச்சத்துகளை மட்டும் அளந்து பார்த்திருந்தாலும் விடை கிடைத்திராது.

நூற்புழு என்றாலே பயிர்ப்பகை என்று எண்ணுவதும் தவறு. ஒரு கைப்பிடி நல்ல மண்ணில் ஆயிரக்கணக்கில் இவை வாழும். அவற்றுள் பல, பாக்டீரியாவையும் பூஞ்சையையும் உண்டு, அவற்றில் கட்டுண்ட தழைச்சத்தை வேருக்கு விடுவிப்பவை. சில, பிற நூற்புழுக்களையே வேட்டையாடுபவை. 1990-இல் நெதர்லாந்தின் டாம் போங்கர்ஸ் என்பவர் இவற்றை 1 முதல் 5 வரை வரிசைப்படுத்தினார். கலைந்த மண்ணில் விரைந்து பெருகும் வகைகளுக்கு 1. மெல்லப் பெருகி, அமைதியான மண்ணில் மட்டும் நிலைப்பவற்றுக்கு 5. ஒரு நிலத்தின் சராசரி எண் உயர உயர, அம்மண் குலையாமல் முதிர்ந்துள்ளது என்று பொருள். எத்தனை உள்ளன என்பதைவிட எவை உள்ளன என்பதே முதன்மையானது என்னும் கருத்து இதில் தெளிவாகிறது. உழவர் ஒருவர் தம் வயலில் இதனைத் தாமே செய்துவிட முடியாது. நுண்ணோக்கியும் பயிற்சியும் வேண்டும். கண்ணால் காணத்தக்க உயிர்களிடமும் இதே விதி செல்லும் என்பதே நமக்கு ஆறுதல்.

நாங்கூழும் கறையானும்

மண்புழுவுக்கு நாங்கூழ் என்பது பழைய பெயர். சார்லஸ் டார்வின் தம் இறுதி நூலை மண்புழுவைப் பற்றி எழுதி 1881-இல் வெளியிட்டார். பத்தாண்டு கழித்து, 1891-இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தில் சுந்தரம் பிள்ளை ஒரு பாத்திரத்தை நாங்கூழ்ப் புழுவோடு பேசவைத்து, அதன் உழைப்பைப் போற்றவைத்தார். இங்கிலாந்தின் பல பகுதிகளில் ஓர் ஏக்கரில் ஆண்டுதோறும் 10 டன்னுக்கும் மேற்பட்ட மண் புழுக்களின் உடல் வழியே மேலே வருவதாக டார்வின் கணக்கிட்டிருந்தார். நம் வட்டாரச் செம்மண்ணுக்கு அவ்வெண்ணை அப்படியே பொருத்த இயலாது. இங்கே வெயில் வேறு, மழை வேறு. ஆனால் வேலை ஒன்றே.

தென்னாட்டு வயல்களில் பரவலாகக் காணப்படும் உள்நாட்டு வகை ‘லாம்பிட்டோ மௌரிட்டி’. சென்னையைச் சேர்ந்த மண்ணியல் அறிஞர் சுல்தான் இஸ்மாயில் போன்றோர் பல்லாண்டு ஆராய்ந்து உழவரிடம் கொண்டுசேர்த்த புழு இது. மண்ணில் மேலும் கீழுமாகத் துளையிட்டு வாழ்வது. கோடையில் ஆழத்துக்கு இறங்கிச் சுருண்டு உறங்கிவிடும். சித்திரையில் தோண்டிப் பார்த்துவிட்டு ‘என் நிலத்தில் புழுவே இல்லை’ என்று கவலைப்படுவோர் உண்டு. அந்தக் கவலை தேவையற்றது. ஐப்பசி மழைக்குப் பின்னும் தோண்டிய குழி வெறுமையாக இருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பழைய சித்தூர் மாவட்டத்தில் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை மிகக் குறைவு என்று சொல்வதற்கில்லை. அது சில நாள்களில் கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதே இங்குள்ள தொல்லை. மேற்பரப்பு இறுகிய செம்மண்ணில் அந்நீர் நில்லாமல் ஓடிவிடுகிறது. அதன்பின் ஆழ்துளைக் கிணற்றை இன்னும் நூறடி இறக்கக் கடன் தேவைப்படுகிறது. புழுத்துளைகள் நிறைந்த நிலம் அதே மழையை உள்ளே வாங்கும். ஆகவே ஒரு குழியில் காணும் புழுக்களின் எண்ணிக்கை வெறும் இயற்கை ஆர்வலரின் கணக்கன்று. கிணற்றுக்குக் கடன் வாங்குமுன் ஒருவர் பார்க்கவேண்டிய கணக்கு.

வறண்ட நிலங்களில் இவ்வேலையைப் பெரும்பாலும் செய்வது மண்புழு அன்று, கறையானும் எறும்புமே. இது பலருக்கும் கசப்பான செய்தி. ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலம் ஒன்றில் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், எறும்பும் கறையானும் இருந்த பாத்திகள், அவை நீக்கப்பட்ட பாத்திகளைவிட 36 சதவீதம் கூடுதலாக விளைந்தன. அவற்றின் வளைகளால் நீர் மிகுதியாக இறங்கியதும் மண்ணில் தழைச்சத்து கூடியதுமே காரணம் என்று கண்டனர். நம் நாட்டில் வராகமிகிரர் 6-ஆம் நூற்றாண்டிலேயே பிருகத் சம்ஹிதையில், நிலத்தடி நீர் இருக்குமிடத்தைக் காட்டும் அடையாளங்களுள் புற்றையும் சேர்த்திருக்கிறார்.

கறையான் நிலக்கடலைக்குத் தீங்கே செய்வதில்லை என்று நாம் சொல்லவரவில்லை. காயின் ஓட்டைச் சுரண்டும். அவ்வழியே நச்சுப்பூஞ்சை நுழையும். ஆனால் தட்டையும் சருகும் தரையில் கிடக்கும் நிலத்தில் அதற்கு வேறு உணவு உண்டு. துடைத்துவைத்தாற்போன்ற வெறுந்தரையில் அதன் வாய்க்கு எட்டுவது பயிர் ஒன்றே. பயிரைக் கறையான் அரிக்கிறது என்றால், நிலத்தில் மட்கும் பொருள் தீர்ந்துவிட்டதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

தம்பலப்பூச்சியும் வெண்புழுவும்

முதல் மழைக்குப் பின் செம்மண்ணில் சிவப்புப் பட்டுத் துணுக்குகள் ஊர்வது போல் தோன்றும் தம்பலப்பூச்சியை நாம் அனைவரும் சிறுவயதில் தீப்பெட்டியில் அடைத்திருப்போம். சங்கப் புலவர்கள் இதனை மூதாய் என்றனர்; முல்லை நிலத்துக் கார்காலத்தின் அடையாளமாக்கினர். தெலுங்கு உழவர்களுக்கு இது ‘ஆருத்ர புருகு’. சூரியன் திருவாதிரையில் நிற்கும் ஜூன் பிற்பகுதியில் இது வெளிவருவதால், விதைப்புக்கு ஈரம் போதும் என்பதற்கு இதனைச் சான்றாகக் கொண்டனர். அறிவியலும் இதற்கு மாறுபடவில்லை. இளமையில் பிற பூச்சிகளின்மேல் ஒட்டி வாழ்ந்து, வளர்ந்தபின் கறையானையும் பூச்சி முட்டைகளையும் தின்னும் உயிர் இது. இது தோன்றுகிறது என்றால், இதற்கு இரையாகும் உயிர்களும் அங்கே உள்ளன, மண்ணும் ஆழமாக நனைந்திருக்கிறது என்று பொருள். ஆண்டில் சில நாள்களே கண்ணில் படுவதால் இதனை எண்ணிப் பயனில்லை. ஆனால் முன்பு வந்த வயலில் இப்போது வருவதில்லையெனில், அதனைக் குறித்துவைக்கலாம்.

இதே முதல் மழையில் மற்றொன்றும் வெளிவருகிறது. வெண்புழுவின் தாய்வண்டு அந்தி வேளையில் மண்ணைவிட்டு எழுந்து வேப்பமரத்தில் கூடும். அதன் புழுக்கள் நிலக்கடலையின் வேரைத் தின்று செடியைச் சாய்க்கும். குழி தோண்டிப் பார்க்கையில் வெண்புழு மட்டும் மிகுந்து, பூரான், எறும்பு, மண்வண்டு முதலிய வேட்டை உயிர்கள் ஒன்றும் இல்லையெனில், அந்நிலத்தில் சமநிலை குலைந்திருக்கிறது. மண்ணில் போரேட் குருணை இட்டுப் புழுவைக் கொல்வது நெடுநாள் வழக்கமாக இருந்தது. அக்குருணை வெண்புழுவை மட்டும் தேடிச்சென்று கொல்வதில்லை. மனிதருக்கும் கொடிய நஞ்சாகிய அதற்கு 2020 இறுதியோடு நாட்டில் தடை வந்துவிட்டது. மழை பெய்த அந்தியில் வேப்பங்கிளையை உலுக்கி வண்டுகளைத் திரட்டி அழிப்பது பழைய முறை. ஊரார் சேர்ந்து செய்தால் இன்றும் பயன் தருவது.

சுவர்ணமுகி ஆற்றுப் பக்கத்து நெல்வயல்களில் சுட்டிக்காட்டும் உயிர், காளஹஸ்திக்குப் பெயர் தந்த சிலந்தியே. ஐதராபாத்திலுள்ள தேசியத் தாவர நல மேலாண்மை நிறுவனம் கற்பிக்கும் பயிர்ச்சூழல் பகுப்பாய்வில், தீமைப் பூச்சி இரண்டுக்கு நன்மை உயிர் ஒன்று என்னும் விகிதம் இருந்தால் மருந்து தெளிக்க வேண்டியதில்லை என்பது பொதுவிதி. நடவுக்குப் பின் தீமைப் பூச்சி வருமுன் சிலந்தி எதைத் தின்று பிழைக்கும்? சாவகத் தீவின் நெல்வயல்களை ஆராய்ந்து 1996-இல் வெளியான ஆய்வு இதற்கு விடை கண்டது. நீரில் மட்கும் தழையை உண்டு வளரும் சிறு கொசுவினங்களே முதல் இரை. தொழுவுரம் இட்ட வயலில் அவை பெருகின. சிலந்தியும் முன்னதாகவே பெருகியது. தத்துப்பூச்சியால் நெல்லை இழந்த இந்தோனேசிய அரசு 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்திருந்தது. அந்த முடிவு சரியே என்பதை இவ்வாய்வு பின்னர் உறுதிசெய்தது.

குழியும் புனலும்

எண்ணும் முறை எளிது. வெப்பமண்டல மண்ணை ஆராய்வோர் உலகெங்கும் கையாள்வது 25 சென்டிமீட்டர் நீள அகலமும் 30 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள குழி. மண்ணை ஒரு வெள்ளைத் துணியில் கொட்டிக் கையால் பிரித்து, கண்ணில் பட்ட உயிர்களை வகைவாரியாக எண்ணவேண்டும். வந்த எண்ணை 16-ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்குரிய தொகை. நான்கு மண்புழு கிடைத்தால் சதுர மீட்டருக்கு 64. ஒரு குழி போதாது. வயலில் ஐந்து இடங்களிலேனும் தோண்டவேண்டும். காலைக் குளிரில், மண் ஈரமாக இருக்கையில் செய்தல் நலம். எண்ணி முடித்ததும் மண்ணையும் உயிரையும் குழியிலேயே இட்டு மூடிவிடலாம்.

இதற்கு விஞ்ஞானி வேண்டுமோ என்று தயங்கத் தேவையில்லை. 2018 வசந்த காலத்தில் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையம் உழவர்களையே தத்தம் வயலில் குழி தோண்டி மண்புழுவை எண்ணச் செய்தது. 42 சதவீத வயல்களில் புழுக்களின் நிலை கவலைக்குரியதாக இருந்தது. அளவுக்கு மீறிய உழவே காரணம் என்று கருதினர். கலந்துகொண்டோரில் பாதிக்கும் மேற்பட்டோர் தம் உழவு முறையை மாற்றப்போவதாகக் கூறினர். ஆய்வகத்தின் அறிக்கையைக் காட்டிலும் தம் கையால் எண்ணிய எண் அவர்களை அசைத்தது என்பதே நம் கணிப்பு.

மணலைவிடச் சிறிய உயிர்களைக் காண, இத்தாலியர் அந்தோனியோ பெர்லேசே 1905-இல் கண்ட உத்தி ஒன்று உண்டு. பள்ளிப் பிள்ளைகளும் செய்யலாம். புனலின் வாயில் வலைத்துண்டு ஒன்றைப் பொருத்தி அதன்மேல் ஒரு கைப்பிடி மண்ணை வைத்து, மேலே ஒரு மின்விளக்கைத் தொங்கவிடவேண்டும். மேல்மண் காயக் காய, ஈரமும் இருளும் தேடும் உயிர்கள் கீழ்நோக்கி இறங்கிப் புனலின் அடியிலுள்ள கிண்ணத்தில் விழும். உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் வாலால் துள்ளும் நுண்ணுயிர்களும் உண்ணிகளும் தென்படும். 2001-இல் இத்தாலியில் வகுத்த ஒரு முறை, இவற்றுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் இடுகிறது. கண்ணும் நிறமும் இழந்து, மண்ணுக்குள் மட்டுமே வாழத் தகுந்ததாக மாறிய உயிருக்கு 20. இடம்பெயர்ந்து தப்ப வழியற்ற அத்தகைய உயிர் இருந்தால் அந்த மண் நெடுங்காலமாகக் குலையாமல் இருக்கிறது எனலாம்.

கிடைத்த எண்ணை எதனோடு ஒப்பிடுவது? அயல்நாட்டு அட்டவணையோடு அன்று. உழாத, மருந்து படாத நம் வரப்போரத்திலேயே ஒரு குழி தோண்டினால் ஒப்பிட அதுவே போதும். வரப்பில் பத்து வகை, வயலில் இரண்டு வகை எனில், இழப்பு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். பின்னர் ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே இடத்தருகே.

ஆந்திர அரசின் ரைத்து சாதிகார சம்ஸ்தா நடத்திவரும் இயற்கை வேளாண்மைத் திட்டத்தில், பருவமழைக்கு முன்பே பலவகை விதைகளைக் கலந்து விதைத்து, ஆண்டு முழுவதும் தரையைப் பசுமையால் மூடிவைக்கச் சொல்கிறார்கள். 2024-இல் போர்ச்சுகலின் குல்பென்கியன் பரிசை எகிப்தின் செகெம் அமைப்போடும் மண்ணறிஞர் ரத்தன் லாலோடும் இத்திட்டம் பகிர்ந்துகொண்டது. இம்முறையில் விளைச்சலும் வருவாயும் எவ்வளவு என்பது பற்றி அறிஞரிடையே வாதம் நடக்கிறது; நாம் அதற்குள் புகவில்லை. மண்ணுயிர்களின் பக்கமிருந்து பார்த்தால், சாணக்கரைசலைக் காட்டிலும் தரைமூடலே பெரிது என்பது நம் துணிபு. உணவும் நிழலும் ஈரமும் கிடைத்தால் அவை தாமே வரும்.

வங்கி அலுவலர் நிலத்தைப் பார்வையிட வரும்போது பட்டாதார் பாஸ் புத்தகத்தையும் புல எண்ணையும் கிணற்றையும் பார்ப்பார். மண்கட்டியைப் புரட்டிப் பார்க்கமாட்டார். புழுவை எண்ணிக் கடன் வழங்கும் காலம் வரவேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் நிலத்தை வாங்குவோரும் குத்தகைக்கு எடுப்போரும் அவ்வாறு புரட்டிப் பார்ப்பதற்குத் தடையேதும் இல்லை.

மாந்தோப்பு உடையோருக்கு இது இன்னும் எளிது. கிளிமூக்கு மாங்காய் கூழ் ஆலைகளுக்குச் சென்று முடிந்த பின், தோப்பு ‘சுத்தமாக’ இருக்கவேண்டும் என்று பலமுறை உழுது சருகை எரித்துவிடுவது இவ்வட்டாரத்தில் காணும் வழக்கம். இவ்வாண்டு இரண்டு வரிசை மரங்களுக்கடியில் மட்டும் சருகை எரிக்காமல், உழாமல் விட்டுவைக்கலாம். வடகிழக்குப் பருவமழை நன்கு நனைத்த பின், அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ, அங்கே மூன்று குழியும் உழுத வரிசையில் மூன்று குழியும் தோண்டி எண்ணினால் ஒரு காலைப்பொழுதில் வேலை முடிந்துவிடும். செலவு, ஒரு மண்வெட்டியும் ஒரு பழைய வேட்டியும்.